மகன் என்.எஸ் போய்விட்டான், வீட்டு சர்வர் நின்றுவிட்டது

மலர்விழி_யீஷூன்
ஞாயிறு, இரவு 8:50

வணக்கம். சிங்கப்பூர் யீஷூனில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார். மகன் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் என்.எஸ் (தேசிய சேவை) போனான், இப்போது தெக்கோங் தீவில் ராணுவப் பயிற்சியில் இருக்கிறான். அவன் இல்லாத நேரத்தில் ஒரு சிக்கல். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

அவன் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது வீட்டில் ஒரு சர்வர் அமைத்தான், எங்கள் படங்களையும் பதிவுகளையும் வைத்து போனுக்கும் டிவிக்கும் தரும் கணினி. பழைய பொருள் விற்கும் கரூசல் தளத்தில் 140 வெள்ளிக்கு வாங்கிய பழைய அலுவலகக் கணினி, பெரிய டிபன் டப்பா அளவுதான் இருக்கும். பாம் ஷெல்ட்டரில் (வீட்டுக்குள் இருக்கும் கான்கிரீட் பாதுகாப்பு அறை) அரிசி மூட்டைக்கு மேல் தட்டில் அது இருக்கிறது, பக்கத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். டெபியன், டாக்கர் என்றெல்லாம் சொல்வான். எனக்குத் தெரிந்தது இதுதான்: போனில் இம்மிச் திறந்தால் குடும்பப் படங்கள் வரும், டிவியில் ஜெல்லிஃபின் திறந்தால் என் அம்மாவின் குரல் கேட்கும், விளம்பரத் தொல்லை குறைவு.

வெள்ளிக்கிழமை மாலை வாட்டர் ஹீட்டரைப் போட்டதும் மெயின் விழுந்துவிட்டது. ஹீட்டரை அணைத்துவிட்டு சுவிட்சை மேலே தள்ளினேன், எல்லாம் வந்தது. இரவு முழுக்க ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை காலை இம்மிச் திறக்கவில்லை. ஷெல்ட்டருக்குப் போய் கணினியின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். அப்போதிலிருந்து வீட்டில் யாருக்கும் நெட் இல்லை. இணைய நிறுவனத்துக்கு போன் செய்தேன், லைன் சரியாக இருக்கிறது என்றார்கள். ரவுட்டரில் விளக்கெல்லாம் பச்சை. போனும் வைஃபையில் இணைந்துதான் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. போன் டேட்டாவில் இதை எழுதுகிறேன்.

மகனுக்கு அங்கே இரவில் கொஞ்ச நேரம்தான் போன் கையில் இருக்கும். "அம்மா, எதையும் அழிச்சிடாதீங்க, சனிக்கிழமை புக் அவுட் ஆகி வீட்டுக்கு வந்ததும் பார்க்கிறேன்" என்றான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

நெட் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிவிடுவேன். என் பயம் வேறு. அந்தப் பெட்டிக்குள் என் அம்மாவின் 61 குரல் பதிவுகள் இருக்கின்றன. 2014 முதல் 2019 வரை, சமையலறை மேசையில் கீரை ஆய்ந்துகொண்டே அவர் பேசியதை போனில் பிடித்து வைத்தேன். என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர், அம்மா அங்கே பிறந்து வளர்ந்தவர். கான்பரா சாலைப் பக்கத்துக் குடியிருப்பு, புனித மரம் பாலசுப்பிரமணியர் கோவில் இப்போதைய இடத்துக்கு வருமுன் அங்கே நடந்த பங்குனி உத்திரம், 1971-இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது எந்த வீட்டில் என்ன பேச்சு என்பது வரை சொல்லியிருக்கிறார். அம்மா 2020-இல் போய்விட்டார்.

அந்தப் பதிவுகள் பத்திரமாக இருக்குமா? நான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?


கம்பிவடம்
ஞாயிறு, இரவு 9:35

அக்கா, பதற வேண்டாம். நெட் போனதும் பதிவுகளும் ஒரே சிக்கல் மாதிரித் தெரிகிறது, ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். நெட்டை இன்றிரவே நீங்களே கொண்டுவந்துவிடலாம்.

முதலில் வைஃபையில் இருந்துகொண்டு போன் உலாவியில் 1.1.1.1 என்று எண்ணை மட்டும் அடித்துப் பாருங்கள். பக்கம் திறந்தால் லைனில் குறையே இல்லை, பெயர் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குறை. நாம் தளத்தின் பெயரை அடிக்கிறோம், கணினிக்கு வேண்டியது எண். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ். விளம்பரத்தைத் தடுக்க உங்கள் மகன் பை-ஹோல் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். விளம்பரத் தளத்தின் பெயர் வந்தால் வெற்று எண்ணைக் கொடுத்துத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அதற்காக வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் அந்தப் பெட்டியிடமே பெயர் கேட்கும்படி ரவுட்டரில் எழுதி வைத்திருப்பார். பெட்டி படுத்ததும் வீடே படுத்துவிட்டது.

ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கர் இருக்கும், 192.168 என்று தொடங்கும் எண்ணும் கடவுச்சொல்லும் அதில் இருக்கும். (கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் இன்றிரவு மகனிடம் கேட்கும் ஒரே கேள்வி அதுவாக இருக்கட்டும்.) உள்ளே டி.எச்.சி.பி என்ற பகுதியில் டி.என்.எஸ் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இப்போது உள்ள எண்ணை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், மகனுக்குப் பிறகு வேண்டும். அந்த இடத்தில் 1.1.1.1 அல்லது 9.9.9.9 போட்டுச் சேமியுங்கள். போனில் வைஃபையை அணைத்துப் போட்டால் நெட் வரும். விளம்பரமும் கூடவே வரும், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சர்வருக்கு வருகிறேன். பிளக்கை இனிமேல் பிடுங்காதீர்கள். முன்னால் உள்ள பவர் பொத்தானை ஒரே ஒரு முறை, சின்னதாக அழுத்திவிட்டுக் காத்திருங்கள். அந்தக் கணினியில் ஓடும் லினக்ஸ் வகை இயங்குதளம் டெபியன், அது அதைப் புரிந்துகொண்டு தானாக ஒழுங்காக மூடிக்கொள்ளும். விளக்கு அணைந்ததும் அப்படியே விட்டுவிடுங்கள். ஏற்கனவே ஒரு முறை பிடுங்கியதால் பெரிய சேதம் வந்திருக்க வாய்ப்பு குறைவு. லினக்ஸின் கோப்பு முறை ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டுதான் எழுதும், பாதியில் நின்றதை அடுத்த முறை சரிசெய்துகொள்ளும்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அணைப்பதற்கு முன், அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கில் விளக்கு எரிகிறதா?


மலர்விழி_யீஷூன்
திங்கள், காலை 6:40

தம்பி, நெட் வந்துவிட்டது. மாமியார் காலையில் வானொலி கேட்கிறார். மிக்க நன்றி.

கணினியை நீங்கள் சொன்னபடி அணைத்தேன். ஹார்ட் டிஸ்க்கில் விளக்கு இல்லை. அதன் அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருக்கிறது. கணவர் வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப் அடாப்டர் ஒன்றைக் காட்டி இது பொருந்துமா என்கிறார். முனை உள்ளே போகிறது.


கம்பிவடம்
திங்கள், காலை 7:05

வேண்டவே வேண்டாம் அக்கா! லேப்டாப் அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட். அந்த வகை டிஸ்க்குக்கு 12 வோல்ட். முனை பொருந்தினாலும் மின்னழுத்தம் பொருந்தாது, டிஸ்க்கின் பலகை கருகிவிடும். டிஸ்க்கின் ஸ்டிக்கரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர், முனையின் உள்பக்கம் பாசிட்டிவ் என்ற படம், இந்த மூன்றும் ஒத்துப்போகிற அடாப்டர் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைகளில் கிடைக்கும். டிஸ்க்கையே கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

மெயின் விழுந்து ஏறியபோது அடாப்டர் போயிருக்கிறது. இதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் மகன் வந்து பார்க்காமல் சொல்ல மாட்டேன்.


ராத்திரி ஷிஃப்ட்
செவ்வாய், அதிகாலை 4:20

அக்கா, நான் வேறு மாதிரிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் ஒரு தரவு மையத்தில் (நிறுவனங்களின் சர்வர்களை வைத்திருக்கும் கட்டடம்) இரவு வேலை பார்க்கிறேன். எங்கள் கட்டடத்துக்குள் மின்சாரம் இரண்டு வழியாக வருகிறது. இரண்டும் போனால் பேட்டரி, அதுவும் தீர்வதற்குள் ஜெனரேட்டர். ஒரு டிஸ்க் கெட்டால் சத்தம் வரும், பத்து நிமிடத்தில் ஒருவர் புதிய டிஸ்க்கோடு அங்கே நிற்பார். நான் இதை எழுதும் இந்த நேரத்தில் நாங்கள் ஆறு பேர் விழித்திருக்கிறோம். 2020-இல் சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காடு தரவு மையங்களுக்கே போனது. எவ்வளவு பெரிய வேலை இது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அந்தப் பெட்டிக்காக விழித்திருப்பவர் ஒருவர், அவரும் இப்போது தெக்கோங்கில். பிள்ளைக்குப் பிடித்த வேலை அது, நன்றாகவும் செய்திருக்கிறார். ஆனால் தாய் குரலுக்காக நீங்கள் ஒரு வாரம் தூங்காமல் இருக்க வேண்டுமா? மாதம் சில வெள்ளி கட்டி மேகச் சேமிப்பில் (கிளவுட், இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினியில் வைப்பது) போடுங்கள். நான் வீட்டில் சர்வர் வைத்துக்கொள்வதில்லை. வேலையில் பார்ப்பது போதும்.

மேகத்திலும் ஒரு வேலை உங்கள் பங்குக்கு உண்டு. கணக்கு உங்கள் பெயரில்தான் இருக்கும். கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஓர் ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது, இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குக் கொடு என்று எழுதி வைக்கலாம். ஆப்பிளிலும் 2021 கடைசியிலிருந்து அப்படி ஒன்று உண்டு. இதைச் செய்து வைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நீங்கள் செய்யுங்கள். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கவும் செய்கிறது.


மலர்விழி_யீஷூன்
செவ்வாய், இரவு 10:15

தம்பி, தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிகாலை நாலு மணிக்கு உட்கார்ந்து எனக்காக எழுதியிருக்கிறீர்கள். ஆறு பேர் விழித்திருக்கிறீர்கள் என்ற வரியை மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். அப்படி ஆட்கள் இருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஆனால் நான் ஏன் வீட்டில் வைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

அம்மா பேசியது என்னிடம். கதை மட்டும் அல்ல, சின்னம்மா வீட்டில் நடந்த சண்டை, தங்காமல் போன ஒரு குழந்தை, யாரிடம் எவ்வளவு கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனது, எல்லாம் அதில் இருக்கிறது. கேட்பது மகள் என்பதால்தான் அதைப் பேசினார். பெயர் சொல்லிப் பேசியிருக்கிறார், அந்தப் பெயர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் பக்கத்து பிளாக்கில் இருக்கிறார்கள். இதை வேறொருவர் கணினியில் வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. அங்கே யாரோ உட்கார்ந்து கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நிபந்தனைகளை நாளை மாற்றினால் என்னைக் கேட்க மாட்டார்களே, அதுதான். கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாமல் இலவசம் என்றார்கள், 2021 ஜூன் முதல் தேதியோடு அது முடிந்தது. யாஹூ குழுமங்களில் எத்தனை தமிழ்க் குழுக்கள் இருந்தன! இரவெல்லாம் உட்கார்ந்து மரபுக் கவிதையும் சிறுகதையும் விவாதித்தார்கள். 2020 டிசம்பரில் மொத்தமாக மூடிவிட்டார்கள். நான் அதில் எழுதியது ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. அதற்கு முன்னால் 2009-இல் இலவச இணையப் பக்கங்கள் தந்த ஜியோசிட்டீஸ் போனபோதும் இப்படித்தான்.

நான் டியூஷன் நிலையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் 'என் குடும்பப் புகைப்படம்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். உன் படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் "போன்ல" என்கிறார்கள். போன் தொலைந்தால்? "கிளவுட்ல". அது எங்கே? ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊரில் தண்ணீர், மின்சாரம், ரயில் எல்லாம் நன்றாக நடக்கின்றன. யாரோ நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அதனால் எதையாவது நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமே குறைந்துபோகிறது. என் அம்மா வீட்டுக் கணக்கை நீல அட்டைப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதுவார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அதைத் திறந்து நான் எல்லாவற்றையும் கட்டினேன். ஒரு பில் தவறவில்லை.

இங்கேதான் நீங்கள் சொன்னது என்னைத் தைத்தது. மகன் கட்டிய பெட்டிக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது. எல்லாம் அவன் தலைக்குள் இருக்கிறது. அப்படியானால் அது இன்னும் என் வீட்டுப் பொருள் ஆகவில்லை. எதிர்வீட்டு அண்ணன் போன வருடம் திடீரென்று இறந்தபோது அவருடைய போனை இன்று வரை திறக்க முடியவில்லை, அவர் மனைவி அதை சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். வீட்டில் வைத்தாலும் மேகத்தில் வைத்தாலும் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அதே கதிதான்.

அதனால் சர்வரை எடுக்கப் போவதில்லை. கற்றுக்கொள்ளப் போகிறேன்.


மலர்விழி_யீஷூன்
சனி, இரவு 11:30

மகன் வந்துவிட்டான். நான்கு கிலோ குறைந்திருக்கிறான். சாப்பிட்டுவிட்டு நேரே ஷெல்ட்டருக்குப் போனான். கணினியை டிவியோடு இணைத்து, கீபோர்டைச் செருகி, அவன் செய்வதையெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

கம்பிவடம் தம்பி, உங்கள் சந்தேகம் இதுதானா? கணினிக்குள் 512 ஜிபி வட்டு. அதில் படங்களும் பதிவுகளுமாக 280 ஜிபி. தினமும் அதிகாலை 2 மணிக்கு ஒரு நிரல் ஓடி எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கும். வெள்ளி மாலை மெயின் விழுந்தபோது வெளி டிஸ்க்கின் அடாப்டர் போய்விட்டது. கணினி மட்டும் எழுந்தது. டிஸ்க் வந்து உட்கார வேண்டிய இடத்தில் அந்தப் பெயரில் ஒரு வெற்றுக் கோப்புறை இருந்தது. நிரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெளி டிஸ்க்குக்குப் போக வேண்டிய நகலை அந்தக் கோப்புறையில், அதாவது அதே சின்ன வட்டுக்குள்ளேயே எழுதத் தொடங்கிவிட்டது. வட்டு நிரம்பியது. இம்மிச் எழுத இடமில்லாமல் நின்றது. நான் பிளக்கைப் பிடுங்கிச் செருகியதும் செயலிகளை ஓட்டும் டாக்கரால் எதையும் தொடங்க முடியவில்லை, பை-ஹோலும் போனது.

சிம் லிம்மில் வாங்கிய அடாப்டரைப் போட்டோம். டிஸ்க் வந்தது, வியாழன் இரவு வரை எடுத்த நகல் அதில் முழுதாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தவறான இடத்தில் எழுதியதை அழித்தான். அழிக்கும்முன் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்தக் கோப்புறைக்குள் போனான். அப்படிச் செய்யாவிட்டால் நல்ல நகலையே அழித்துவிடுவோம் என்று சொன்னான். அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது நிரலின் முதல் வரியில் ஒரு சோதனை சேர்த்திருக்கிறான். டிஸ்க் உண்மையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்கும், இல்லை என்றால் நகல் எடுக்காமல் என் போனுக்குச் செய்தி அனுப்பும். அவனுக்கு மட்டும் அனுப்பும்படி வைத்திருந்தான், நான்தான் என் எண்ணையும் போடச் சொன்னேன். வெற்றுக் கோப்புறையில் யாரும் எழுத முடியாதபடி பூட்டும் போட்டான்.

எல்லாம் சரியானது என்று நினைத்துப் பதிவுகளை எண்ணினேன். 57 தான் இருக்கின்றன.

வெளி டிஸ்க்கிலும் 57. என் பழைய விண்டோஸ் லேப்டாப்பிலிருந்துதான் அவற்றை முதலில் ஏற்றினேன். பேட்டரி வீங்கியதால் அதை மின்கழிவுப் பெட்டியில் போட எடுத்து ஓரமாக வைத்திருந்தேன். கை நடுங்கத் திறந்து பார்த்தேன், 61-ம் இருந்தன. விடுபட்ட நான்கையும் உடனே பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவற்றை சர்வரில் போடப் போனால் மறுபடியும் ஏறவில்லை. பெயர் மிக நீளம் என்கிறது. முதல் முறையும் இப்படி ஏதோ கேட்டிருக்கும், நான் தவிர்க்கவும் என்று அழுத்தியிருப்பேன். விண்டோஸில் இதே பெயர் இருக்கிறதே, அங்கே எப்படி ஏற்றுக்கொண்டது? மகனுக்கும் புரியவில்லை. ஒன்றின் பெயரை அப்படியே தருகிறேன்:

அம்மா கான்பரா சாலை வீட்டில் மழைக்காலத்தில் பாம்பு வந்ததும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா விரட்டியதும்


உட்லண்ட்ஸ் தாத்தா
ஞாயிறு, காலை 8:10

மகளே, இந்தத் திரியை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும்.

லினக்ஸ் கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'அம்மா' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறி, 15 பைட். நீங்கள் கொடுத்த பெயரை எண்ணிப் பார்த்தேன். 93 குறி, அதற்கு 279 பைட், இடைவெளிகள் 11, மொத்தம் 290. ஏறாது. விண்டோஸ் பைட்டை எண்ணுவதில்லை, 255 குறி வரை விடும், அதனால் அங்கே இருந்தது. சில சேமிப்புப் பெட்டிகளில் கோப்புறையைப் பூட்டிட்டு மறைகுறியாக்கினால் 143 பைட்தான், அதாவது 47 தமிழ்க் குறி. பெயரைச் சுருக்கி வையுங்கள். நீளமாக எழுதிய பெயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது நல்ல குறிப்பு. ஒரு சாதாரண உரைக்கோப்பில் எண்ணும் முழுப் பெயருமாக எழுதி, பதிவுகளின் பக்கத்திலேயே வையுங்கள்.

உரைக்கோப்பு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் இணையத்தில் ஏற்றினார்கள், அதில் தமிழும் ஏறியது. அதற்குப் பின்னால் நா. கோவிந்தசாமி அவர்களின் உழைப்பு. 1997-இல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் நடந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த உற்சாகத்தை இப்போது சொன்னால் விளங்காது. திரையில் தமிழ் வருகிறது என்பதற்காகவே நண்பர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். என் மனைவியும் அப்போது கவிதை எழுதினாள். முப்பத்து நான்கு கவிதைகளை நானே தட்டச்சு செய்து நெகிழ்வட்டில் வைத்தேன்.

அவள் போன பிறகு அவற்றைத் திறந்தேன். ஒரு வரி கூடப் படிக்க முடியவில்லை. புள்ளியும் கோடும் ஐரோப்பிய எழுத்துமாக வந்தது. அன்று ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. டிஸ்கி, டாப், டாம் என்று தரங்களும் பல. எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு நன்றாக இருந்தும் படிக்க முடியாது. பழைய கணினி ஒன்றிலிருந்து அந்த எழுத்துருவைத் தேடி எடுத்து, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தாளில் அட்டவணை போட்டு, இரண்டு மாதம் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றினேன். முப்பத்து மூன்று வந்தது. ஒன்று இருந்த பகுதி வட்டிலேயே கெட்டுவிட்டது.

ஆகவே பெட்டியைக் காப்பாற்றுவதோடு, உள்ளே இருப்பது நாளை திறக்குமா என்பதையும் பாருங்கள். உங்கள் பதிவுகளின் வகை எதுவாக இருந்தாலும் அசலை அப்படியே வைத்துக்கொண்டு, ஃப்ளாக் என்ற ஒலிக்கோப்பு வகையில் ஒரு நகலும் எடுத்து வையுங்கள். அது யாருக்கும் சொந்தமில்லாத வகை, விவரம் எல்லாம் வெளியில் இருக்கிறது.


ராத்திரி ஷிஃப்ட்
ஞாயிறு, மாலை 6:30

ஐயா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன்.

அக்கா, நீங்கள் வீட்டிலேயே வைப்பதென்றால் வேலையில் நாங்கள் கடைப்பிடிக்கும் இரண்டை மட்டும் சொல்கிறேன். சர்வரும் வெளி டிஸ்க்கும் ஒரே தட்டில் இருக்கின்றன. தீயோ தண்ணீரோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்றாவது நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். இரண்டாவது, மாதம் ஒரு முறை நகல் டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு பதிவைத் திறந்து முழுதாகக் கேளுங்கள். எண்ணிக்கை சரியாக இருப்பது போதாது.

ஷெல்ட்டர் கதவை இறுக்கி மூடாதீர்கள். அந்தக் கான்கிரீட் அறையில் சூடு வெளியே போக வழியில்லை, டிஸ்க்கின் ஆயுள் குறையும். ஒரு சின்ன யு.பி.எஸ் (மின்சாரம் போனால் சற்று நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் மின்தடை அபூர்வம், ஆனால் உங்களுக்கு நடந்த மாதிரி வீட்டுக்குள் மெயின் விழுவது சாதாரணம். யு.பி.எஸ் பேட்டரியை மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.


மலர்விழி_யீஷூன்
அடுத்த ஞாயிறு, இரவு 9:20

தாத்தா சொன்னபடி நான்கு பெயர்களையும் சுருக்கினேன், 61-ம் ஏறிவிட்டன. பாம்புக் கதை இப்போது '38 பாம்பு'. முழுப் பெயர்கள் உரைக்கோப்பில் இருக்கின்றன. எழுதும்போது ஒவ்வொன்றிலும் யார் யார் பேசப்படுகிறார்கள் என்றும் சேர்த்தேன், அதற்கே நான்கு மாலை ஆனது. தாத்தா, உங்கள் மனைவியின் முப்பத்து மூன்று கவிதைகளை எங்காவது வெளியிட்டால் சொல்லுங்கள், என் மாணவர்களோடு வாசிக்க ஆசை.

மூன்றாவது நகல் தெம்பனீஸில் தங்கை வீட்டில். மகன் அதைக் கடவுச்சொல்லோடு பூட்டிக் கொடுத்தான். அதனால் அங்கே இருந்தாலும் சும்மா திறக்க முடியாது. தீபாவளிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் எப்படியும் சந்திப்போம், அப்போது டிஸ்க்கை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. மின்சாரச் செலவையும் மகன் அளந்து காட்டினான். சுமார் 12 வாட், யூனிட் 30 காசு என்று வைத்தால் மாதம் மூன்று வெள்ளிக்குள்.

நீல அட்டைப் புத்தகம் ஒன்று வாங்கிவிட்டேன். தமிழில்தான் எழுதுகிறேன், மாமியாரும் படிக்கட்டும் என்று. முதல் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "நெட் இல்லையா? முதலில் 1.1.1.1 அடித்துப் பார். பக்கம் திறந்தால் நிறுவனத்துக்கு போன் செய்யாதே, பக்கம் 3-க்குப் போ." பக்கம் 3-இல் ரவுட்டரில் என்ன எண் இருந்தது, அவசரத்துக்கு என்ன எண் போடுவது. பக்கம் 5-இல் பெட்டியை எப்படி அணைப்பது, பொத்தானின் படத்தோடு. அதற்கு அடுத்த பக்கம் அடாப்டர், 12 வோல்ட் என்று பெரிதாக. கடவுச்சொற்கள் புத்தகத்தில் இல்லை. தனி உறையில் போட்டு ஒட்டி, ஒன்று என் நகைப் பெட்டியில், ஒன்று தங்கையிடம்.

புத்தகத்தைக் கணவரிடம் கொடுத்து, நான் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன். அவர் அதைப் பார்த்தே சர்வரை அணைத்து, மறுபடி போட்டு, அம்மாவின் பதிவு ஒன்றைத் திறந்துவிட்டார். ஒரே இடத்தில் தடுமாறினார். டிவியில் எந்த எச்.டி.எம்.ஐ துளை என்று நான் எழுதவில்லை. இரண்டாவது. எழுதிவிட்டேன்.

மகன் இன்று மாலை முகாமுக்குத் திரும்பி புக் இன் ஆவதற்கு முன் புத்தகம் முழுவதையும் படித்தான். மூன்று இடத்தில் திருத்தினான், இரண்டு எழுத்துப்பிழை விட்டான், அவற்றை நான் திருத்தினேன். மாதத்தின் முதல் வெள்ளி இரவு நகல் டிஸ்க்கிலிருந்து ஒரு பதிவைக் கேட்பது என்று வைத்திருக்கிறோம். இந்த வெள்ளி முதல் முறை, மாமியார் '38 பாம்பு' கேட்க வேண்டும் என்றிருக்கிறார். ஏதாவது திறக்காவிட்டால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.